பாபநாசம் அணை ஏன் இரண்டாக உடைந்தது?

“தம்பி, ஒரு படமும் காப்பி ஆவமாட்டேங்கு. வைரஸா இருக்கும்னு சொல்லுதாங்க” என்றார் நெல்லை டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. திரையில் ‘கோப்பைக் காணவில்லை’ என்ற செய்தி, படத்துக்கு இரண்டு முறை. வைரஸ் இல்லை அண்ணாச்சி, பெயரில் இருக்கும் இடைவெளி.

படங்களைக் காப்பி செய்ய அண்ணாச்சி வைத்திருந்தது ஒரு பேட்ச் கோப்பு, அதாவது விண்டோஸ் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு. அதில், பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார் கட்டளையில், அடைப்புக்குறிக்குள் பாபநாசம் அணை.ஜேபிஜி என்று எழுதியிருந்தார். அங்கே இடைவெளி, கமா, அரைப்புள்ளி, சமக்குறி, டேப் எது வந்தாலும் வெட்டு விழும். முதல் சுற்றில் பாபநாசம், அடுத்த சுற்றில் அணை.ஜேபிஜி. இரண்டு பெயரிலும் கோப்பு கிடையாது.

அதற்குப் பதில் *.ஜேபிஜி (எல்லா ஜேபிஜி படமும்) என்று போட்டால் ஃபார் பெயரை முழுசாகவே எடுத்துத் தரும். ஆனால் காப்பி கட்டளையின் வாசலில் இன்னொரு கத்தி காத்திருக்கிறது. பெயர் இரண்டு துண்டு, போகவேண்டிய ஃபோல்டர் ஒன்று. மூன்றைப் பார்த்ததும் ‘கட்டளையின் அமைப்பு தவறு’ என்று முறுக்கிக்கொள்ளும். எந்தச் செய்தி வந்தது என்று பார்த்தாலே எந்த வாசலில் வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மேற்கோள்குறி போட்டால் தீருமே என்பீர்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த கூத்து. பட்டியலில் “பாபநாசம் அணை.ஜேபிஜி” என்று போட்டால் ஃபார் வெட்டாது, ஆனால் குறியைக் கழற்றாமல் அப்படியே %%ஏ-க்குள் (ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த பெயரை ஃபார் போட்டுவைக்கும் பெட்டி) வைத்துக்கொள்ளும். காப்பியிலும் பத்திரத்துக்கு “%%ஏ” என்று எழுதினீர்களோ, ““பாபநாசம் அணை.ஜேபிஜி”” ஆகிவிடும். முதல் குறி திறக்க, ஒட்டி நிற்கும் இரண்டாவது உடனே மூடிவிடும். இடைவெளி பழையபடி வெளியே! “%%~ஏ” என்று எழுதினால் அந்த அலைக்குறி பழைய மேற்கோளை உரித்துவிடும். நாம் புதிதாக ஒரே ஒரு ஜோடி போர்த்திவிடலாம். *.ஜேபிஜி முறைக்கும் இதே வரி போதும்.

பெயரில் இடைவெளி விட்டாலே ஆகாது என்று சிலர் ராகுகாலம் மாதிரி பயப்படுகிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் 8 எழுத்துப் பெயர், புள்ளிக்குப் பின்னால் 3 எழுத்து ஒட்டு. அப்போது பயந்தது நியாயம். 1995-இல் விண்டோஸ் 95 வந்ததும் நீளப் பெயருக்கும் இடைவெளிக்கும் வழி பிறந்துவிட்டது.

அண்ணாச்சி வாடிக்கையாளர் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்திருக்கிறார். அதை வரிவரியாகப் படிக்க ஃபார் /எஃப். அது வரியின் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ‘முத்து லட்சுமி’ வெறும் ‘முத்து’ ஆகிவிடுவார். எந்தக் குறியில் வெட்டவேண்டும் என்று சொல்லும் இடத்தை “டெலிம்ஸ்=” என்று வெறுமையாக விட்டால் வெட்ட எந்தக் குறியும் இருக்காது, முழு வரியும் வரும்.