‘போயிட்டு வரேன்’ என்றவர் எப்போது வருவார்?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். வீட்டுக்கு வந்த மாமா “போயிட்டு வரேன்” என்று சொல்லிக் கிளம்பினால் பையன் வாசலிலேயே நிற்கிறானாம். ராத்திரி கதவைப் பூட்டவும் விடுவதில்லை. கீழ்வீட்டுக்காரர்களும் கன்னடத்தில் “ஹோகி பர்த்தீனி” என்றே விடைபெறுகிறார்கள். அதற்கும் அதே பொருள்தான். “சிறப்பாசிரியர் ஒரு குட்டிக் கதை எழுதித் தந்தார். ஒன்பதே வரி. இது எப்படிப் பலன் தரும்?” என்று கேட்கிறார்.

பையன் பக்கம் நியாயம் இருக்கிறது. வரேன் என்றால் வர வேண்டும்தானே? நமக்கும் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நூறு தடவை கேட்டதில் மூளை தானாக ஒரு கணிப்பைப் போட்டு வைத்துக்கொண்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குச் சொல்லின் நேர்ப்பொருள்தான் முன்னால் நிற்கும். சூழலை வைத்து உட்பொருளைப் பிடிப்பது சிரமம். அவர்கள் மூளை கணிக்கும் விதமே வேறு என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள்.

அந்தக் கணிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் சமூகக் கதை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. அல்சூர் கதை இப்படிப் போகிறது:

“மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மாவிடம் பேசுவார். காபி குடிப்பார். அப்புறம் கிளம்புவார். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்பார். பெரும்பாலும் அன்றைக்கே திரும்ப மாட்டார். வேறொரு நாள் வருவார். ‘உங்களை மறுபடி பார்க்க ஆசை’ என்பதை அவர் அப்படிச் சொல்கிறார். நான் ‘சரி’ என்று கையசைக்கலாம்.”

எட்டு வரிகள் நடப்பதை மட்டும் சொல்கின்றன. கடைசி வரி ஒன்றுதான் என்ன செய்யலாம் என்கிறது, அதுவும் ‘செய்யலாம்’ என்று; ‘அழாதே’, ‘கதவை விடு’ எதுவும் இல்லை. ஓர் அறிவுரைக்குக் குறைந்தது இரண்டு விவரிப்பாவது வேண்டும் என்பது கிரே தொடக்கத்தில் வகுத்த கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது ‘பெரும்பாலும்’ என்ற ஒற்றைச் சொல். அங்கே ‘எப்போதும்’ என்று எழுதியிருந்தால், மறந்துவிட்ட குடையை எடுக்க மாமா பத்தாவது நிமிடம் திரும்பும்போது கதையே பொய்யாகிவிடும். நேர்ப்பொருளை நம்பும் குழந்தை அப்புறம் அந்தத் தாளைத் தொடாது.

கதையை அழுகை வந்த பிறகு நீட்டக் கூடாது. விருந்தாளி வருவதற்கு முன், அமைதியான நேரத்தில் படிக்க வேண்டும். கூடவே ஒரு விளையாட்டும் வேண்டும், ஏனென்றால் “கடைக்குப் போயிட்டு வரேன்” என்கிற அப்பா அரை மணியில் வந்துவிடுகிறாரே! இரண்டு தட்டு வையுங்கள்: ‘இன்றைக்கே’, ‘இன்னொரு நாள்’. கடைக்குப் போகும் அப்பா, ஓசூர் திரும்பும் மாமா, கீழ்வீட்டு அக்கா எல்லோருடைய படத்தையும் அவன் பிரித்துப் போடட்டும். இந்த வீட்டிலேயே தூங்குகிறவர் யார் என்பதுதான் துப்பு. அப்புறம் நிஜக் கதவருகே நடித்துப் பாருங்கள்.

இதை மாயமருந்தாக எண்ண வேண்டாம். பிரிட்டன் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பொதுவான சமூகத் திறன் மதிப்பெண் இதனால் உயரவில்லை. எந்தக் காரியத்துக்காகக் கதை எழுதப்பட்டதோ அதில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரு சாவி, ஒரு பூட்டு. தாயத்துக்கும் ‘முழுசாகக் குணமாக்குகிறோம்’ என்கிற விளம்பரங்களுக்கும் பெற்றோர் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரிகிறது. நம் மொழிகளின் இந்த மாதிரி வழக்குகளுக்குக் கதைகள் எழுதி, முறையாகச் சோதித்துப் பார்க்க அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டெட்டுப் பேர் வரிசையாக ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சமமாகவே விவரங்களைக் காப்பாற்றியது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிந்தியது. ஆக, புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. மாமாவும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். “ஞாயிற்றுக்கிழமை வரேன்” என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரலாம்.