உடல் கொழுப்பு: மூளை அளப்பதும் கேலிப்பர் அளப்பதும்

உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று மூளை ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கொழுப்பு கூடக் கூட இரத்தத்தில் லெப்டினும் கூடும். அதைக் கண்டு மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பசியை மட்டுப்படுத்தும். ஒற்றை மரபணுக் கோளாறால் சிறு வயதிலேயே வரும் கடும் உடல்பருமனில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது இந்தக் கணக்குதான்.

1994-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. 1997-இல், அந்த மரபணு பழுதான இரண்டு குழந்தைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பிறந்தபோது இயல்பான எடைதான். சில மாதங்களிலேயே அடங்காப் பசி. உடல் பெருத்துக்கொண்டே போனாலும் லெப்டின் வராததால் மூளை அதைப் பட்டினி என்றே எடுத்துக்கொள்கிறது. தினமும் லெப்டின் ஊசி போட்டால் பசி அடங்குகிறது, எடையும் இறங்குகிறது.

இந்தக் குறைபாடு மிக அரிது. ஒற்றை மரபணுக் கோளாறுகளில் அதிகம் தென்படுவது எம்சி4ஆர் என்ற மரபணுவின் பழுது. லெப்டின் தரும் செய்தி பசியை அடக்கும் பாதையில் கடைசிப் பக்கம் இருக்கும் ஏற்பியை, அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தை, உருவாக்குவது இது. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும், பசி கூடிவிடும். இவர்கள் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருப்பதால் ஊசியால் பயனில்லை.

ஆனால் பெரும்பாலான குழந்தைகளிடம் இப்படி ஒரே ஒரு குற்றவாளி கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன. 2007-இல் அடையாளம் காணப்பட்ட எஃப்டிஓ மரபணுவின் மாறுபாடு அவற்றில் வலுவானது; அதுவே, இரண்டு பிரதிகளும் இருக்கும் பெரியவர்களிடம் சராசரியாக 3 கிலோ அளவுக்குத்தான் எடையைக் கூட்டுகிறது. ஆகவே பருமனான குழந்தைக்கெல்லாம் மரபணுப் பரிசோதனை வேண்டியதில்லை. 5 வயதுக்கு முன்பே கடும் பருமன், கூடவே தீராப் பசி என்றால் செய்யலாம். எடை ஏறுகிறது, உயரம் மட்டும் நின்றுவிட்டது என்றால் முதலில் தைராய்டு, கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் பக்கம் பார்க்க வேண்டும். சாதாரணப் பருமனில் குழந்தை வயதுக்கு மீறி உயரமாகவே இருக்கும்.

சரி, நாம் எப்படி அளப்பது? எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. குழந்தைகளுக்கு இந்த எண் தனியாக எதையும் சொல்லாது. பிஎம்ஐ 21 என்பது 15 வயதுப் பையனுக்கு இயல்பு, 6 வயதுப் பையனுக்கு உடல்பருமன். வயது, பாலினத்துக்கான வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அப்போதும் அது எடையை அளக்கிறதே தவிர, கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது.

கொழுப்பையே தொட்டு அளக்கும் மலிவான கருவி தோல்மடிப்புக் கேலிப்பர்; தோல் மடிப்பை இடுக்கிபோல் கவ்வி அதன் தடிமனைக் காட்டும். தோள்பட்டை எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, மேற்கையின் பின்புறம் குறி இடுங்கள். குறிக்கு 1 செ.மீ. மேலே, தசையை விட்டுவிட்டுத் தோலையும் அடிக்கொழுப்பையும் மட்டும் கிள்ளித் தூக்கி, குறியில் கேலிப்பரைப் பொருத்தி, சுமார் 2 விநாடியில் படியுங்கள். தாமதித்தால் கொழுப்பு நசுங்கி அளவு குறையும். படித்து முடிக்கும்வரை மடிப்பைப் பிடித்திருக்கும் விரல்களை விடக்கூடாது. கெண்டைக்கால் உட்புறத்திலும் இதேபோல் அளந்து, இரண்டையும் மில்லிமீட்டரில் கூட்டுங்கள். ஸ்லாட்டர் சூத்திரப்படி பையன்களுக்குக் கூட்டுத்தொகையை 0.735-ஆல் பெருக்கி 1 சேர்த்தால் கொழுப்புச் சதவீதம். பெண் குழந்தைகளுக்கு 0.610-ஆல் பெருக்கி 5.1 சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை 30 மி.மீ. என்றால் பையனுக்குச் சுமார் 23 சதவீதம். சங்கடம் என்னவென்றால், மிகவும் பருத்த குழந்தையிடம் மடிப்பே சரியாகத் தூக்க வராது. எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் இந்த முறை கைவிடுகிறது.

உடலின் மின்தடையை அளக்கும் எடை மேடைகள் உண்மையில் கணிப்பது உடலிலுள்ள நீரை; கொழுப்பை அதிலிருந்துதான் கணக்கிடுகின்றன. கொழுப்பு நீங்கிய உடலில் பெரியவர்களுக்கு 73 சதவீதம் நீர். குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். பெரியவர் கணக்கைப் போட்டால் கொழுப்பு குறைவாகத் தெரியும். குழந்தை தண்ணீர் குடிக்காமல் வாடியிருந்தால் கூடுதலாகக் காட்டும். இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ்-கதிர் செலுத்தும் டெக்ஸா எலும்பு, கொழுப்பு, மற்ற திசு மூன்றையும் பிரித்துக் காட்டும்; கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆனால் ஒரு நிறுவனத்தின் இயந்திரம் சொல்லும் எண்ணும் இன்னொன்று சொல்வதும் ஒத்துப்போவதில்லை. மறுமுறை அளக்கும்போது அதே இயந்திரத்துக்கே போவது நல்லது.