பிரிட்டனில் வேலை விசாவில் இருந்துகொண்டே வீடு வாங்குவது: முதலில் எக்ஸ்டென்ஷன், பிறகு மார்ட்கேஜ்

பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கும் நம்மவர்களிடம் வீடு வாங்கும் பேச்சை எடுத்தால், பலர் "ஐஎல்ஆர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். ஐஎல்ஆர் என்பது பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. அப்படிக் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. விசாவில் இருப்பவர் வீடு வாங்கலாம், மார்ட்கேஜ் எனும் வீட்டுக் கடனும் எடுக்கலாம். யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு டெபாசிட் கேட்பது என்பதெல்லாம் ஒவ்வொரு வங்கியும் தானே வகுத்துக்கொள்ளும் விதி. அரசின் பொது நிதி உதவி பெறக் கூடாது என்று விசாவில் போட்டிருக்கிறதே என்று பயப்படுபவர்களும் உண்டு. மார்ட்கேஜ் அந்தக் கணக்கிலேயே வராது. ஐஎல்ஆருக்கான 5 ஆண்டுக் காலத்தைப் பொதுவாக 10 ஆண்டாக்கப் போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு சொன்னதிலிருந்து, "ஐஎல்ஆர் வரட்டும்" என்பது நிச்சயமான திட்டமாகவும் இல்லை.

வங்கி உங்களிடம் சம்பளத்துக்கு அடுத்து பார்ப்பது விசாவில் இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது என்பதைத்தான். ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பார்கள் சிலர், இரண்டு என்பார்கள் சிலர், கண்டுகொள்ளாத வங்கிகளும் இருக்கின்றன. அதனால் விசா முடிய ஐந்தாறு மாதம்தான் இருக்கிறது என்றால் வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன் எக்ஸ்டென்ஷனை முடித்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. மாற்றிச் செய்தால் விற்பவர் ஒப்புக்கொண்ட பிறகு வங்கி விசாவைக் காட்டி இழுத்தடிக்கும், அதற்குள் சர்வே, சொலிசிட்டர் என்று கட்டிய பணம் போய்விடும்.

எக்ஸ்டென்ஷனுக்கு நிறுவனம் புதிதாக ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்று, அதாவது சிஓஎஸ், ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதை வைத்து விண்ணப்பித்தாக வேண்டும். எச்ஆரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், அவர்களாகவே நினைவு வைத்துச் செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். பழைய விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்விட்டால், முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் அப்படியே தொடரும். 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பில் ஊருக்குக் கிளம்பிவிட்டால் விண்ணப்பம் வாபஸ் ஆனதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் கல்யாணம், திருவிழா என்று டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதை முதலில் யோசியுங்கள். 3சியில் இருக்கும்போது மார்ட்கேஜுக்குப் போனால், கையில் முடிவுத் தேதி போட்ட விசா இல்லையே என்று தயங்கும் வங்கிகள்தான் அதிகம். உள்நாட்டு விண்ணப்பத்துக்குச் சாதாரணமாக 8 வாரம் வரை ஆகும், அவசரமென்றால் கூடுதலாகப் பணம் கட்டி வேகப்படுத்தலாம்.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. டெபாசிட்டுக்குச் சேர்த்ததை விசாக் கட்டணம் எவ்வளவு தின்னும் என்று பலர் கணக்குப் போடுவதே இல்லை. சுகாதாரக் கூடுதல் கட்டணம் 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், 3 ஆண்டு நீட்டிப்பு என்றால் இது மட்டுமே 10,866 பவுண்டு, அதுவும் முன்பணமாக. விண்ணப்பக் கட்டணம் தனி. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் கட்டணம் கிடையாது. நிறுவனம் கட்ட வேண்டிய இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, பிடித்தால் கேளுங்கள்.

புது விசா வந்ததும், உங்கள் விசா நிலையை ஆன்லைனில் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு எடுத்து வங்கியிடம் கொடுத்தால் போதும், அது 90 நாள் செல்லும். விசா விவரம் இருந்த பிளாஸ்டிக் பிஆர்பி அட்டை காலம் 2024-ஓடு முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் இ-விசாதான். அதில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராக வரும் நம் வழக்கத்தால் பே ஸ்லிப்பில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று ஆகிவிடுகிறது, வங்கி அங்கேதான் நிறுத்தும்.

டெபாசிட் 5, 10 சதவீதம் என்று விளம்பரத்தில் பார்ப்பதை நம்பி இறங்காதீர்கள். விசாவில் இருப்பவர்களிடம் 25 சதவீதம் கேட்கும் வங்கிகளும் இருக்கின்றன, 10-க்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே விசாக்காரர்களுக்கு அடிக்கடி செய்து பழகிய ஒரு மார்ட்கேஜ் புரோக்கரைப் பிடிப்பது நல்லது. அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால் விசாவில் இருக்கும்போதே நாம் பதிவு செய்யலாம், ஓட்டும் போடலாம். கிரெடிட் நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்ப்பது அந்தப் பட்டியலை வைத்துத்தான், இலவசமாகக் கிடைக்கும் இவ்வளவு பெரிய உதவியை நம்மில் நிறைய பேர் விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, இப்போது ஊரில் இருக்கும் வீடு. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் முதல் வீடு வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டியூட்டி சலுகை உண்டு, ஆனால் "முதல் வீடு" என்றால் உலகத்தில் எங்கேயும் முதல் வீடு. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் பெயரில் ஒரு வீடு இருந்தால், தாத்தா வழியில் வந்த பங்காகவே இருந்தாலும், அந்தச் சலுகை போய்விடும். அதோடு நிற்காது. அந்த வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் இங்கே வாங்குவது இரண்டாவது வீடாகி, 2024 அக்டோபர் 31 முதல் கூடுதலாக 5 சதவீதம் கட்ட வேண்டும். கணவன் மனைவியை ஒன்றாகவே பார்ப்பார்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரிசாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்குக்கு மட்டும் இந்தக் கூடுதல் வரியில் விலக்கு உண்டு. 3,50,000 பவுண்டு வீட்டுக்கு முதல் வீட்டுச் சலுகையோடு வரி 2,500, சலுகை இல்லாமல் 7,500, கூடுதல் வரியும் சேர்ந்தால் 25,000. வீடு பார்க்கும் முதல் நாளே சொலிசிட்டரிடம் ஊர்ச் சொத்து பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வெறும் மனையும் வயலும் வீடு என்ற கணக்கில் வராது.

டெபாசிட்டின் ஒரு பகுதி அப்பா அம்மா அனுப்புவதாக இருந்தால், திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று கையெழுத்திட்ட கடிதம், அவர்கள் வங்கிக் கணக்கு விவரம், அந்தப் பணம் அவர்களுக்கு எப்படி வந்தது என்ற சான்று மூன்றும் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மனை விற்ற பணம் என்றால் பத்திர நகலை இப்போதே எடுத்து ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் தேடிக்கொண்டு ஒரு மாதம் போய்விடும்.

மார்ட்கேஜ் ஆஃபர் வந்த பிறகு சாவி கைக்கு வரும்வரை வேலை மாறாதீர்கள். ஸ்பான்சர் மாறினால் விசாவுக்கும் புது விண்ணப்பம், வங்கிக்கும் புது விவரம் சொல்லியாக வேண்டும். பின்னால் வேலை போய், ஹோம் ஆபீஸ், அதாவது உள்துறை, விசாவை வழக்கமான 60 நாளாகக் குறைத்தாலும் வீடு உங்களுடையதுதான், தவணை கட்டும் பொறுப்பும் உங்களுடையதுதான். நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் வாடகைக்கு விட வங்கியிடம் முன்னதாக எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.