அப்பா கைவிட்டுப் போன குடும்பத்துக்கும் உதவி கேட்க உரிமை உண்டு

ராயபுரம், காசிமேடு பக்கம் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று பேசும் பெண்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "ஆளு செத்திருந்தா மனு போடலாம், எங்கேயோ உயிரோட இருக்கானே, எனக்கு யாரு தருவா?" இந்த நினைப்பினாலேயே எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கான அரசு உதவிக்கு மனுவே போடாமல் இருந்துவிடுகிறார்கள்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது. கணவர் இறந்த தாய்க்கு மட்டுமல்ல, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் பிள்ளைகளுக்கும், பெற்றோர் இல்லாமல் பாட்டி, சித்தி வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-ஐத் தாண்டக்கூடாது, அதாவது மாதம் 8,000. மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும்.

சிக்குவது காகிதத்தில்தான். ரேஷன் கார்டில் இன்னும் விட்டுப்போன கணவர் பெயர் இருக்கும், "கணவர் எங்கே?" என்று கேட்டால் மனு போட வந்த அக்கா தலையைக் குனிந்துகொள்வார். அதனால் முதலில் இ-சேவை மையத்தில் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விசாரிக்க வரும்போது அக்கம்பக்கத்தில் நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும், அன்பியத்துக்காரர்கள் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த குழு) நிற்க வேண்டிய இடம் அதுதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்கு அந்த அக்காவோடு போவதும், அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அரிசி மூட்டை கொடுப்பதைவிடப் பெரிய உதவி என்பேன்.

அப்புறம் ஜீவனாம்சம். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 144-வது பிரிவில், கணவர் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். உத்தரவு வந்தும் அவர் பணம் கட்டாவிட்டால் ஒரு வருடத்துக்குள் கோர்ட்டில் சொல்லிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அந்தப் பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்க முடியாது.

அம்மாவும் இல்லாத பிள்ளையை, நல்ல குடும்பம்தானே என்று சபையிலேயே இன்னொரு வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மனசு நல்லதுதான், ஆனால் சட்டப்படி அது கூடாது. பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது தத்துக் கொடுக்காமல் இன்னொரு குடும்பத்தில் வளர்க்க, கொடுக்கும் அதிகாரம் அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழுவுக்கு மட்டுமே, பாதிரியாரோ போதகரோ எழுதிக் கொடுத்தால் செல்லாது. பதிவில்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இரண்டும்கூட வரலாம். தனியாகக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

குழு ஒப்புதலோடு வளர்க்கிற குடும்பத்துக்கும் மாதம் 4,000 உண்டு. 2024 வழிகாட்டுதல்படி தனியாக இருப்பவரும் வளர்க்கலாம், ஆனால் தனி ஆண் என்றால் ஆண் பிள்ளையை மட்டுமே தருவார்கள். அப்படி ஒரு வீடு உங்கள் கோயில் பங்கில் இருந்தால், சாயங்காலம் அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஒருவர் போங்கள், "சொந்த அப்பா எங்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.