பிஎம்டபிள்யூ எம்5 ஏன் பழைய கியர்பாக்ஸுக்குத் திரும்பியது?

வேகமான சொகுசு செடான்களை ஒப்பிடும்போது நம் கண் முதலில் போவது குதிரைத்திறன் மீதுதான். 507, 560, 600, 612 என்று எண் ஏற ஏற கார் உசத்தி என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அது என்ஜின் தன் உச்ச வேகத்தில் மட்டும் தருகிற சக்தி. மற்ற நேரமெல்லாம் கார் எப்படிப் பாய்கிறது என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கிறது, அதை கியர்பாக்ஸ் சக்கரம்வரை எப்படிக் கொண்டுபோகிறது.

இதைப் புரிந்துகொள்ள பிஎம்டபிள்யூ எம்5 நல்ல உதாரணம். 1998 முதல் 2017 வரை வந்த நான்கு தலைமுறைகளிலும் நான்கு விதமான கியர்பாக்ஸ். முதலில் 6 கியர் மேனுவல். 2005-ல் தானே கிளட்ச் மிதிக்கும் எஸ்எம்ஜி. 2011-ல் இரட்டை கிளட்ச். 2017-ல் வந்ததோ, கார் பிரியர்கள் பல காலமாக மந்தமானது என்று ஒதுக்கிவைத்திருந்த டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். பார்த்தால் பின்னோக்கிப் போனதுபோல் இருக்கும். உண்மையில் என்ஜின் மாறியது, அதற்கேற்ப கியர்பாக்ஸ் மாறியது.

2005 எம்5-ல் இருந்தது 5 லிட்டர் வி10, அதாவது வி வடிவில் இரு வரிசையாகப் பத்து சிலிண்டர். டர்போ, அதாவது வெளியேறும் புகையால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, கிடையாது. பத்து சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காற்று வரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), 8,250 ஆர்பிஎம் வரை சுழலும். 507 குதிரைத்திறன் கிடைத்தது 7,750 ஆர்பிஎம்மில். அதிகபட்ச டார்க் 520 என்எம் (நியூட்டன் மீட்டர்), அதுவும் 6,100 ஆர்பிஎம்மில். அடுத்து 2011-ல் வந்தது 4.4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன். இங்கே டார்க் 680 என்எம், 1,500 ஆர்பிஎம்மில் தொடங்கி 5,750 வரை அப்படியே நிற்கும்.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் சக்தி கிலோவாட்டில் வரும். வி10-க்குப் போட்டால், 6,100 ஆர்பிஎம்மில் 332 கிலோவாட், அதாவது சுமார் 450 குதிரைத்திறன். 507-ஐத் தொட இன்னும் 1,650 ஆர்பிஎம் ஏற வேண்டும். டர்போ வி8-க்குப் போட்டால், 5,750-லேயே 409 கிலோவாட், ஏறத்தாழ முழு 560-ம் கைக்கு வந்துவிடுகிறது. முதல் என்ஜினிடம் வேலை வாங்க, முள் எப்போதும் 6,000-க்கு மேலே இருக்கும்படி கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது என்ஜின் எந்த கியரில் இருந்தாலும் இழுக்கும்.

டர்போ என்ஜின் 1,500 ஆர்பிஎம்மிலேயே இவ்வளவு இழுப்பது எப்படி? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கவேண்டிய இடம் இது. நாலு ஸ்ட்ரோக் வி8-ல் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுழல்வதற்குள் எட்டு சிலிண்டரும் ஒருமுறை எரிகின்றன. 90 டிகிரிக்கு ஒன்று. ஆனால் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் எடுத்துப் பார்த்தால் இடைவெளி ஒழுங்காக இருக்காது: 90, 180, 270, 180 என்று தாறுமாறாக வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டர்போ என்று வழக்கம்போல் மாட்டினால், புகை அந்தத் தாறுமாறான தாளத்தில்தான் டர்பைனை அடிக்கும். ஊஞ்சலை நேரம் தப்பித் தப்பித் தள்ளினால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும்.

பிஎம்டபிள்யூ பொறியாளர்கள் செய்தது இது. இரண்டு டர்போவையும் வி-யின் நடுப் பள்ளத்தில் வைத்து, இரண்டு பக்கத்து சிலிண்டர்களின் புகைக் குழாய்களைக் குறுக்கே இணைத்தார்கள். 360 டிகிரி இடைவெளியில் எரிகிற இரண்டு சிலிண்டர்கள் ஒரு ஜோடி. ஒவ்வொரு டர்போவுக்கும் இரண்டு வாய், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஜோடி. இப்போது ஒவ்வொரு டர்பைனுக்கும் சரியாக 180 டிகிரிக்கு ஒரு அடி விழுகிறது. குழாயும் குட்டை, புகையின் சூடும் வேகமும் வீணாவதில்லை. அந்த என்ஜினின் கவரைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் குழாய்கள்தான் முதலில் கண்ணில் படும். குதிரைத்திறன் எண்ணைவிட இந்தக் குழாய்ப் பின்னலையே நான் பெரிய சாதனை என்பேன்.

சரி, கியர்பாக்ஸுக்கு வருவோம். எஸ்எம்ஜி என்பது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியர் கம்பியையும் நம் கால் கைகளுக்குப் பதில் ஹைட்ராலிக் அழுத்தம் இயக்கும். கிளட்ச் ஒன்றுதான் என்பதால், கியர் மாறுகிற நொடியில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தாக வேண்டும். முழு வேகத்தில் முதுகில் ஓர் உதை கிடைக்கும், பந்தய உணர்வு வரும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதே கியர்பாக்ஸ் குலுக்கி எடுக்கும்.

இரட்டை கிளட்ச் அந்தக் குறையைத் தீர்த்தது. 1, 3, 5, 7 ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொன்றில். மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராகப் பூட்டப்பட்டிருக்கும். ஒரு கிளட்ச் விட விட இன்னொன்று பிடிக்கும், இழுப்பு அறுவதே இல்லை. ஆனால் காரை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது கிளட்ச் தகடுகள்தான். அவை வழுக்கித்தான் பிடிக்கும், வழுக்கினால் சூடு. டார்க் கூடக் கூடத் தகடுகள் பெருக்க வேண்டும், குளிர்விக்கும் எண்ணெய் கூட வேண்டும், எடையும் கூடும்.

2017-ல் அந்த வி8-ன் டார்க் 750 என்எம் ஆனது. அப்போதுதான் பழைய கருவி திரும்ப வந்தது. டார்க் கன்வெர்ட்டரின் பிறப்பிடம் கார் அல்ல, கப்பல். ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும், கப்பலின் சுழலி மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரைத் தள்ளும். நடுவே வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்ட ஒரு வழி தேவைப்பட்டது. காரிலும் இதே தேவைதான்.

உள்ளே எண்ணெய் நிறைந்த ஒரு கூடு. என்ஜினோடு சேர்ந்து சுழலும் இறக்கைகள் எண்ணெயை வெளிப்பக்கமாக வீசும். எதிரே இருக்கும் டர்பைன் இறக்கைகளில் அது மோதி, கியர்பாக்ஸ் பக்கத்தைச் சுழற்றும். இதோடு நின்றால் டார்க் கூடாது. மோதித் திரும்பும் எண்ணெய் எதிர்த் திசையில் வந்து என்ஜின் பக்கத்தைத் தடுக்கும். நடுவே இருக்கும் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது இறக்கைத் தொகுதி அந்த எண்ணெயின் திசையைத் திருப்பி, என்ஜின் சுழலும் பக்கமாகவே அனுப்புகிறது. அதனால் கார் புறப்படும் கணத்தில் டார்க் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருகும். தேய்வதற்குத் தகடு இல்லை. வழுக்குவது எண்ணெய், சூட்டை அதுவே எடுத்துப் போய்விடும்.

பிறகு ஏன் இதை மந்தம் என்றார்கள்? அந்த வழுக்கல் கார் வேகமெடுத்த பின்னும் தொடர்ந்ததால்தான். இப்போது கார் நகர்ந்த சிறிது நேரத்திலேயே லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் இறுகப் பூட்டிவிடுகிறது. அப்புறம் எண்ணெய்க்கு வேலையே இல்லை. இன்னொரு மாற்றம் இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டி. நான்கு கோள் கியர் தொகுதிகள் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு), அவற்றைப் பிடிக்கவும் விடவும் ஐந்தே உறுப்புகள். எந்த கியரிலும் மூன்று பூட்டியிருக்கும், இரண்டு மட்டும் திறந்திருக்கும். அடுத்த கியருக்குப் போக ஒன்று விட வேண்டும், ஒன்று பிடிக்க வேண்டும், அவ்வளவே. இரட்டை கிளட்சில் நடக்கும் அதே கைமாற்றம்தான் இதிலும்.

பலன் என்ன? வி10 காரில் முதல் கியர் விகிதம் சுமார் 4, பின் அச்சு விகிதம் சுமார் 3.6. உச்ச டார்க்கான 520-ஐ இவற்றால் பெருக்கினால் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 7,500 என்எம். 2017 காரில் முதல் கியர் 5, அச்சு 3.15. பெருக்கினால் 11,800-க்கும் மேல். கன்வெர்ட்டரின் பெருக்கலைச் சேர்க்காமலே இவ்வளவு. இரண்டு பின் டயரால் இதைத் தாங்க முடியாது, அதனால்தான் அந்தத் தலைமுறையில் நாலு சக்கர இழுவையும் சேர்ந்தே வந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட வி10-க்கு 4.7 நொடி, இதற்கு 3.4.

இதே கேள்விக்கு மெர்சிடிஸ்-ஏஎம்ஜி வேறு பதில் வைத்திருந்தது. அதன் இ63 எஸ்-ல் 4 லிட்டர் இரட்டை டர்போ வி8, 612 குதிரைத்திறன், 850 என்எம். கியர்பெட்டி 9 கியர் கோள் வகை ஆட்டோமேட்டிக்தான். ஆனால் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எண்ணெயில் நனைந்த பல தகடு கிளட்சை வைத்தார்கள். சுழலும் எடை குறையும், ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே பதில் வரும். புறப்படும்போது கிடைக்கும் அந்த டார்க் பெருக்கல் போய்விடும். 850 என்எம் கையில் இருப்பதால் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். நூறைத் தொட இதற்கும் 3.4 நொடிதான். இரண்டு எதிரெதிர் வழிகள் ஒரே எண்ணில் வந்து நிற்பதைப் பார்த்தால், அந்த ஒற்றை எண்ணை வைத்து கார்களைத் தரம் பிரிப்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் கேடிலாக் சிடி5-வி பிளாக்விங் இந்தக் கூட்டத்தில் தனி. 6.2 லிட்டர் வி8, டர்போவுக்குப் பதில் கிராங்கிலிருந்து பெல்ட் வழியாக ஓடும் சூப்பர்சார்ஜர். புகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மிதித்ததும் இழுக்கும். காற்றை அழுத்தும் வேலைக்கு என்ஜினின் சக்தியிலேயே ஒரு பங்கு போய்விடும் என்பதுதான் விலை. 668 குதிரைத்திறனுக்கு 6 கியர் மேனுவலையே அடிப்படையாகக் கொடுக்கிறார்கள், 10 கியர் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோமேட்டிக்தான் விரைவு. இருந்தும் மேனுவலை விடாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்த முடிவு. ஓட்டுவதில் வேகம் ஒரு பகுதி மட்டுமே, எந்த நேரத்தில் எந்த கியர் என்று தீர்மானிப்பதும் அதில் சேரும்.

எம்5-ன் கதை 2024-ல் இன்னொரு திருப்பம் எடுத்தது. அதே 4.4 லிட்டர் வி8-ஓடு, கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே ஒரு மின் மோட்டார். மொத்தம் 727 குதிரைத்திறன், 1,000 என்எம். பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து எடையை 2.4 டன்னுக்கு மேலே கொண்டுபோய்விட்டன, முந்தைய காரைவிட 500 கிலோவுக்கும் கூடுதல். நூறைத் தொட 3.5 நொடி, அதாவது 600 குதிரைத்திறன் கொண்ட 2017 காரைவிட மயிரிழை தாமதம். அந்த மோட்டார் தனியாகத் தருவது 280 என்எம். ஒரு சிறு முன் கியர் அதைச் சுமார் 450 ஆக்கி கியர்பாக்ஸுக்குள் அனுப்புகிறது. அங்கிருந்து அதே எட்டு கியர்கள் அதை மறுபடி பெருக்குகின்றன.