நாசூக்கானவரும் இங்கிதமானவரும்

இந்த இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஆனால் "எல்லார் முன்னாலும் நாசூக்காகக் குத்திக்காட்டினார்" என்று சொல்லலாம். "இங்கிதமாகக் குத்திக்காட்டினார்" என்றால் காது ஏற்காது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

நாசூக்கு பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே நாஸுக் என்றால் மெல்லிய, மென்மையான என்று பொருள். மராத்தி, தெலுங்கு, கன்னடத்திலும் இது புழங்குகிறது. நகையில் "நாசூக்கான வேலைப்பாடு" என்கிறோமே, அதில் மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. அந்த மென்மைதான் பேச்சுக்கும் நடத்தைக்கும் வந்திருக்கிறது. ஆனால் அது செய்கிற விதத்தை மட்டுமே சொல்லும். செய்கிற காரியம் நல்லதா என்று சொல்லாது. கடன் கேட்டு வந்தவரை நாசூக்காகத் தட்டிக்கழிக்கலாம், வேலை வரும்போது நாசூக்காக நழுவலாம்.

இங்கிதம் வடமொழிச் சொல். அசைவைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, மனத்தில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் உடற்குறிப்பைச் சுட்டியது. அரச ஆலோசனை எப்படி வெளியே கசிகிறது என்று பேசுமிடத்தில், இயல்புக்கு மாறான நடத்தையே இங்கிதம் என்கிறது அர்த்தசாஸ்திரம். அதாவது, அங்கே இங்கிதம் குறிப்பைக் காட்டுகிறவரிடம் இருக்கிறது. தமிழிலோ அந்தக் குறிப்பைப் புரிந்து நடப்பவருக்கு உரிய பண்பாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பொருள் மாற்றம் இது. வீட்டுக்காரர் கண்ணில் தூக்கத்தைப் பார்த்ததும் விடைபெறுகிறவர், கணவனும் மனைவியும் ஏதோ பேசத் தயங்குவது தெரிந்து எழுந்து திண்ணைக்குப் போகிறவர், இவர்களெல்லாம் இங்கிதம் தெரிந்தவர்கள். பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் சரி.

தமிழில் என்ன சொல்லலாம்? நாசூக்குக்கு நயம் அச்சாகப் பொருந்துகிறது. "நயமாகச் சொன்னார்" என்கிறோம், "நயமாகப் பேசி ஏமாற்றினான்" என்றும் சொல்கிறோம். அதே இரட்டைத் தன்மை இதிலும் உண்டு.

இங்கிதத்துக்குக் குறிப்பறிதல். திருக்குறளில் இந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன: பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமலே முகம் பார்த்து அறிபவன் உலகுக்கே அணி என்கிறது 701ஆம் குறள். பண்பு, நாகரிகம் என்று பலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் மிகவும் பரந்த சொற்கள். "இங்கிதமான மனிதர்" என்பதைக் "குறிப்பறிந்து நடப்பவர்" என்றே எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் பொருள் சிதறாது.