ஐஎஸ்பிஎன் இருந்தால் உரிமையும் இருக்கிறது என்று யார் சொன்னது?

டிசம்பர் வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சபை மலர், கிறிஸ்மஸ் நாடகம், பாடல் பவனிக்குப் புதுப் பாட்டு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். இந்த முறை அந்த நெருக்கடிக்கு நடுவில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு என்னைத் தேடி வந்தார். பையில் அவர் எழுதிய தியான நூலும், அதை வெளியிட்டவர்கள் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமும் இருந்தன. இரண்டாம் பதிப்பைத் தானே போட வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் பதிப்புக்கும் அச்சுச் செலவு அவருடையதுதான்.

"உள்ளே ஐஎஸ்பிஎன் நம்பர் போட்டிருக்கு மக்களே, அப்போ உரிமை எனக்குத்தானே?" என்றார், புத்தகத்தில் அச்சிட்டிருந்த அடையாள எண்ணைக் காட்டி.

ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில், இந்நூலின் எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாகப் பதிப்பாளருக்கே என்று இருந்தது. பில்லில் 'ஐஎஸ்பிஎன் பதிவுக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகையும் போட்டிருந்தார்கள். இந்த வருடத்தில் இதே கேள்வியோடு என்னிடம் வந்த முதல் ஆள் இவர் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் புத்தகங்களுக்கு எடிட்டிங்கும் பக்க வடிவமைப்பும் செய்வது என் பிழைப்பு. நானும் எழுதுகிறவன்தான். இந்த வருடம் லெந்து காலத்துக்கு (தவக்காலத்துக்கு) தியானங்கள் எழுதினேன், விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் எழுதினேன். 1806-இல் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்தை வைத்துத் தொடங்கிய நாவல் மட்டும் பாதியில் நிற்கிறது. ஆனால் வருடத்தைத் திரும்பிப் பார்த்தால், எழுதிய நேரத்துக்குச் சமமாக மற்றவர்களுடைய ஒப்பந்தங்களை வாசித்த நேரமும் இருக்கும் போலிருக்கிறது. மிஷனரி மீட் ஐயர் காலத்தில், 1820-களிலேயே அச்சு இயந்திரம் வந்த ஊர் இது. இருநூறு வருடமாக அச்சடிக்கத் தெரிந்த நமக்கு, கையெழுத்துப் போடும் தாளை முழுதாக வாசிக்க மட்டும் இன்னும் பழக்கம் வரவில்லை.

சரி, முதலில் அந்த நம்பர். ஐஎஸ்பிஎன் என்பது 13 இலக்க அடையாள எண். கடைக்காரரும் நூலகரும் ஒரு புத்தகத்தை இன்னொன்றாக நினைத்துக் குழம்பாமல் இருக்க ஏற்படுத்தியது. பெரும்பாலும் 978 என்று தொடங்கும். அடுத்து வரும் 81 அல்லது 93 இந்தியாவைக் குறிக்கும். அதற்கடுத்த பகுதி பதிப்பாளரைக் குறிக்கும். நன்றாகக் கவனியுங்கள், பதிப்பாளரை! பிறகு அந்தத் தலைப்புக்கு உரிய எண், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுதியவர் யார், உரிமை யாருடையது என்று சொல்லும் இலக்கம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. வாடகை வீட்டுக்கும் கதவு எண் உண்டு. அதைக் காட்டி வீடு என்னுடையது என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

இந்த எண்ணைப் பெறக் கட்டணமும் கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது. பதிப்பகம் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை, எழுதியவரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் வேலைக்கு ஒருவர் கூலி கேட்டால் அது நியாயம். அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கினால், ரசீது எங்கே என்று கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. "ஐஎஸ்பிஎன் வாங்காமல் போட்டுவிட்டேன், யாராவது எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்கிறார்கள். நம்பர் இல்லாததால் உங்கள் உரிமை எங்கும் போய்விடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமை (காபிரைட்) சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதியதன் உரிமை எழுதும்போதே உங்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுதும் இருக்கும், அதற்குப் பிறகும் 60 ஆண்டு இருக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. பின்னால் தகராறு வந்தால் சான்றாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் 500 ரூபாய் கட்டணத்தில் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அது வேறு அலுவலகம், வேறு விண்ணப்பம். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் அண்ணன்மார் தயவுசெய்து கவனிக்கவும்: அது பதிவு ஆகாது.

அப்படியானால் உரிமை எப்படிக் கைமாறுகிறது? நீங்கள் கையெழுத்துப் போட்ட எழுத்து மூலமான ஆவணத்தால் மட்டுமே. வாய்ப்பேச்சில் போகாது. அச்சுக்கூலி கட்டியதாலும் கட்டாததாலும் போகாது. சபை மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தால், அதை அந்த மலரில் போட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எழுதிக் கொடுக்கும்போதும் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்று தெளிவாக இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். பாவம், டீச்சர் கையெழுத்துப் போட்ட தாளில் 'நிரந்தரமாக' என்று இருப்பதால் இந்த ஐந்து ஆண்டு அவருக்குக் கைகொடுக்காது. அவரை ஒரு வக்கீலிடம் அனுப்பியிருக்கிறேன்.

கிறிஸ்தவ எழுத்தில் இதைப் பேசினாலே ஒரு சங்கடம் வந்துவிடும். "கர்த்தர் கொடுத்ததுதானே, இதில் உரிமை என்ன?" என்பார்கள். எனக்கும் விசுவாசம் உண்டு, இலவசமாகவும் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் காகிதக் கடைக்காரரும் பைண்டிங் செய்கிறவரும் ஊழியத்துக்கு என்று சொன்னால் பில்லைக் கிழித்துவிடுவதில்லை. எழுதினவரிடம் மட்டும் ஏன் இந்த வசனம்? மனதார இலவசமாகக் கொடுங்கள், ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். இந்த மே மாதம் நான் எழுதிய விபிஎஸ் நாடகத்தை இன்னொரு சபையில் போட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் என் பெயரை எடுத்துவிட்டு, கடைசிக் காட்சியில் அந்தப் பையன் மன்னிப்புக் கேட்பதையும் வெட்டிவிட்டு, ஒரு நடனத்தைச் சேர்த்திருந்தார்கள். நாடகமே அந்த மன்னிப்புதான். உரிமையை விற்றுவிட்டாலும், எழுதியவர் நான் என்று சொல்லவும், மானத்துக்குக் கேடாகச் சிதைத்தால் ஆட்சேபிக்கவும் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. நான் வழக்குப் போடவில்லை. போன் செய்து சொன்னேன், வருத்தம் தெரிவித்தார்கள்.

பாட்டு எழுதும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. ஆராதனையில் இன்னொருவர் பாட்டைப் பாடுவது குற்றமில்லை, உண்மையான மதச் சடங்குகளுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அதே பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு கதை, அதற்கு அனுமதி வேண்டும். வேதநாயகம் சாஸ்திரியார் 1864-இலேயே மறைந்துவிட்டார், அவர் கீர்த்தனைகளின் வரிகளை யாரும் பயன்படுத்தலாம். 1990-இல் இறந்த ஒருவரின் பாட்டு என்றால் 2050 முடியும்வரை குடும்பத்துக்கோ உரிமை வாங்கியவருக்கோ உரியது. பழைய பாட்டு என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. உங்கள் வரிகளை ஆல்பத்துக்குக் கொடுக்கும்போது, ராயல்டியே வேண்டாம் என்று எழுதித் தரச் சொன்னால் பயப்படாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பங்கை அப்படி விட்டுக்கொடுக்க வைக்க முடியாது.

தொழில்காரனாக இன்னும் ஒன்று. புத்தகம் அச்சானதும் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். வடிவமைத்த ஓப்பன் ஃபைலையும் (பின்னால் திருத்தக்கூடிய கோப்பு), யூனிகோடில் தட்டச்சு செய்த மூலத்தையும் கேட்டு வாங்குங்கள், வேலை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஏதோ ஒரு எழுத்துருவில் செய்த கோப்போடு வந்து "கொஞ்சம் திருத்தணும்" என்று சொல்கிறவர்களுக்கு, முழுதையும் மறுபடி தட்டச்சு செய்யுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. வசன எண்களையும் வேதாகமத்தைத் திறந்து வைத்துச் சரிபாருங்கள். ஏஐ செயலியிடம் கேட்டு எழுதியவற்றில் இல்லாத வசனங்கள் எல்லாம் வருகின்றன. கூகுளில் எடுத்த இயேசு படத்தை அட்டைக்கு அனுப்பாதீர்கள், வரைந்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஜனவரியில் லெந்து கால நூல்களுக்கான வேலை தொடங்கிவிடும், கூடவே ஒப்பந்தங்களும் வரும். கையெழுத்துக் கேட்டால் ஒரு நாள் அவகாசம் வாங்குங்கள், அதற்குத் தயங்க வேண்டியதே இல்லை. 'நிரந்தரமாக', 'எல்லா உரிமைகளும்' என்ற இரண்டு இடங்களைத் தேடிப்பிடித்து, அங்கே 'மூன்று ஆண்டு', 'தமிழில் அச்சுப் பதிப்பு மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வேறு அச்சகங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்ட பிரதியில் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். என்னிடம் காட்ட வேண்டும் என்றால் போடுவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்ல நான் பணம் வாங்குவதில்லை.